சொந்தப் பெயருக்கு வாடகை

கூகுளின் விளம்பரத் தொழிலைப் பற்றி யாராவது குறை சொன்னால் கையோடு ஒரு பதில் வந்துவிடுகிறது. பொருளாதாரம் படித்தவரும் அதையே சொல்கிறார், டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி நடத்துகிறவரும் அதையே சொல்கிறார். தேடுகிறவர் பைசா கொடுப்பதில்லை. செலவெல்லாம் விளம்பரதாரருடையது, அவரையும் யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஏலத்தில் எவ்வளவு கேட்பது என்பதை அவரே முடிவு செய்கிறார், க்ளிக் விழுந்தால்தான் காசு போகும். தினசரியில் கால்பக்கம் வாங்க வசதியில்லாத சிறு வியாபாரி இன்று சில நூறு ரூபாயில் கடல் கடந்த வாடிக்கையாளரைப் பிடிக்கிறார். கூகுள் பிடிக்கவில்லையா, பிங் இருக்கிறது, டக்டக்கோ இருக்கிறது. ஒரு க்ளிக்கில் மாறிக்கொள்ளலாம். யாருக்கும் நட்டமில்லாத ஏற்பாட்டில் எதற்கு வழக்கு, எதற்கு அபராதம்?

வாதம் பலவீனமானதல்ல. திருப்பூரில் பத்துத் தையல் மெஷின் வைத்துப் பனியன் தைப்பவருக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் இந்த வசதி கனவிலும் கிடையாது. அதை மறுப்பவருக்கு வியாபாரம் தெரியாது. அந்தரங்கம் பறிபோகிறது என்ற வழக்கமான எதிர்ப்பையும் நான் இங்கே எடுக்கப்போவதில்லை. ‘என்னைப் பற்றித் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்’ என்பவரிடம் அது எடுபடாது. அவர் கேட்பது பணக் கணக்கு. பணக் கணக்கே பார்ப்போம். இந்த வாதம் தோற்பதும் அங்கேதான்.

1. பைசா கொடுக்காமல்தான் தேடுகிறோம் என்றால் இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது? கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் 2024 விளம்பர வருமானம் சுமார் 26,460 கோடி டாலர். அதில் தேடலும் அதைச் சார்ந்தவையும் மட்டும் 19,800 கோடி டாலர். விளம்பரதாரர் இதைப் பூர்வீகச் சொத்தை விற்றுக் கட்டவில்லை. இன்சூரன்ஸ் பிரீமியத்தில், ஓட்டல் அறை வாடகையில், கோச்சிங் சென்டர் கட்டணத்தில், வீடு மாற்றித் தருகிறவரின் பில்லில் அது உட்கார்ந்திருக்கிறது. பிங்கில் தேடியவரும், வாழ்நாளில் எதையுமே தேடாத அவருடைய பாட்டியும் அதே பிரீமியத்தைத்தான் கட்டுகிறார்கள்.

விளம்பரச் செலவு எந்தத் தொழிலில் இல்லை, தினசரிக்கும் கொடுத்தார்களே என்று கேட்கலாம். கொடுத்தார்கள். ஆனால் போட்டிக்குப் பயப்படுகிற கடைக்காரர், தன் தலையில் மட்டும் விழுகிற செலவை முழுசாக வாடிக்கையாளர் தலையில் இறக்கிவைக்க மாட்டார். பிரிட்டன் 2020 ஏப்ரலில் டிஜிட்டல் சேவை வரி 2 சதவீதம் என்று கொண்டுவந்தது. உலக அளவில் 50 கோடி பவுண்டுக்கு மேல் டிஜிட்டல் வருமானம் உள்ள பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே அந்த வரி, சின்னவர்களுக்குக் கிடையாது. அதே ஆண்டு நவம்பரிலிருந்து, பிரிட்டனில் காட்டப்படும் விளம்பரங்களுக்கான பில்லில் கூகுள் 2 சதவீதக் கட்டணத்தைத் தனியாகச் சேர்த்தது. ஆஸ்திரியாவில் வரி 5 சதவீதம், பில்லில் சேர்ந்த கட்டணமும் 5 சதவீதம். அரசு கூகுளின் மேல் போட்ட வரியைக் கூகுள் விளம்பரதாரர்களுக்கு அப்படியே தள்ளிவிட்டது, அதுவும் பகிரங்கமாக. ஒளித்துச் செய்ய என்ன இருக்கிறது? அவர்கள் வேறு எங்கே போய்விடப் போகிறார்கள்!

2. கையைப் பிடித்து இழுக்கவில்லை என்பவர்கள் சென்னையைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் கதையைப் படிக்கட்டும். பாரத்மேட்ரிமோனி, தமிழ்மேட்ரிமோனி என்று வரன் பார்க்கும் தளங்களை நடத்துகிற அந்த நிறுவனத்துக்கு அப்போது கான்சிம் இன்ஃபோ என்று பெயர். கூகுள் மீதும் போட்டித் தளங்கள் மீதும் அது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தங்கள் பெயரை அடித்துத் தேடுகிறவருக்குப் போட்டியாளரின் விளம்பரம் காட்டப்படுகிறது, காரணம் அந்தப் பெயரையே கீவேர்டாகக் கூகுள் அவர்களுக்கு விற்கிறது என்பதுதான் புகார். 2010 செப்டம்பரில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் உத்தரவு பிறப்பித்தார். நிறுவனம் கேட்ட இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. ‘தமிழ்’, ‘மேட்ரிமோனி’ என்ற இரண்டு பொதுச்சொற்களை ஒட்டவைத்துவிட்டு, இனி வேறு யாரும் இதைத் தொடக்கூடாது என்று கேட்பதில் சிக்கல் இருக்கத்தான் செய்கிறது. ஒப்புக்கொள்கிறேன். பொதுச்சொல்லுக்கு யாரும் பட்டா வாங்க முடியாது.

அப்படியானால் இப்போது பட்டா யார் கையில் இருக்கிறது? பெயர் அந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை, போட்டியாளருக்கும் சொந்தமில்லை. இருவரிடமும் மாறி மாறி வாடகை வசூலிக்கும் உரிமை மட்டும் மூன்றாமவருக்கு. உங்கள் கடையைப் பேர் சொல்லி விசாரித்துக்கொண்டு வருகிற ஆளிடம் தெருமுனையில் நிற்பவன் பக்கத்துக் கடையைக் கைகாட்டுகிறான். கேட்டால், ‘நீங்களும் கொடுங்கள், உங்கள் கடையையும் காட்டுகிறேன்’ என்கிறான். இதில் நீங்கள் சுயமாக எடுத்த முடிவு என்று எதைச் சொல்வது?

இந்த வாடகைக்குப் புதிதாக என்ன விளைகிறது என்பதை ஈபே சோதித்துப் பார்த்திருக்கிறது. 2012-ல் யாஹூவிலும் பிங்கிலும் தன் பெயருக்கான கீவேர்டு விளம்பரங்களை அது நிறுத்தியது. விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்த க்ளிக்குகளில் 99.5 சதவீதம், கீழே காசில்லாமல் கிடந்த சாதாரணத் தேடல் முடிவின் வழியாக வந்துசேர்ந்தன. தாமஸ் பிளேக், கிறிஸ் நாஸ்கோ, ஸ்டீவன் டடெலிஸ் ஆகிய மூவரும் இதை 2015-ல் ‘எகனாமெட்ரிகா’ ஆய்விதழில் எழுதினார்கள். பொதுவான கீவேர்டுகளில் கொடுத்த விளம்பரம், ஈபேயை அதிகம் பழகாதவர்களிடம் ஓரளவு பலித்தது என்றும் அவர்களே சொல்கிறார்கள். அது முறையான விளம்பரம். அதில் எனக்குப் புகார் இல்லை. பேர் சொல்லி வருகிறவருக்கு ஏன் காசு கட்ட வேண்டும் என்பதுதான் கேள்வி.

ஈபே போல நிறுத்திவிட வேண்டியதுதானே என்பார்கள். ஊரெல்லாம் தெரிந்த ஈபே நிறுத்தலாம். போட்டியாளர் தன் பெயருக்கு ஏலம் கேட்டுக்கொண்டிருக்கும் சின்ன நிறுவனம் நிறுத்த முடியாது. நிறுத்திய அன்றே மேலிடம் அடுத்தவருக்குப் போய்விடும். மேலிடம் என்பதும் சின்ன விஷயமில்லை. 2016 பிப்ரவரியில் கூகுள் கம்ப்யூட்டர் திரையின் வலப்பக்கத்து விளம்பரங்களை எடுத்துவிட்டு, தேடல் முடிவுகளுக்கு மேலேயே நான்கு விளம்பரங்கள் வரை வைக்கத் தொடங்கியது. போனில் தேடினால் நான்கு விளம்பரங்களைத் தாண்ட விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஒரு காலத்தில் விளம்பரத்துக்குப் பின்னால் வண்ணப் பட்டை இருந்தது. பிறகு மஞ்சள் சீட்டு, பிறகு பச்சைச் சீட்டு, 2020-ல் வெறும் கறுப்பு எழுத்து. எது விளம்பரம், எது விடை என்று கண் பிரித்தறியும் அடையாளம் ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் மங்கியது.

அடுத்தவர் பெயரை விற்கும் இந்த விஷயத்தை டெல்லி உயர் நீதிமன்றம் சரியாகத் தொட்டது. அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் என்ற பெயரில் வீடு மாற்றும் தொழில் செய்யும் டிஆர்எஸ் லாஜிஸ்டிக்ஸ் தொடுத்த வழக்கில், 2023 ஆகஸ்டில் இரு நீதிபதிகள் அமர்வு, கூகுள் ஒதுங்கி நிற்கும் இடைத்தரகர் அல்ல, பிறர் வணிகச் சின்னத்தைக் கீவேர்டாக்குவதில் தானும் பங்கெடுக்கிற தரப்பு என்று கூறியது. மீறல் நிரூபணமானால் இடைநிலையாளருக்கான சட்டப் பாதுகாப்பு கிடைக்காது என்றும் சொன்னது. கீவேர்டாக வைத்ததாலேயே மீறல் ஆகிவிடாது என்ற வரம்பும் அதே தீர்ப்பில் உண்டு. வரம்பு நியாயமானது. ‘நாங்கள் வெறும் பலகைதான், எழுதுகிறவர் வேறு’ என்ற பழைய சமாதானம் மட்டும் அதோடு செத்துவிட்டது.

3. ஏலம் என்கிறார்கள். எந்த ஏலத்தில் ஏலம் விடுகிறவரே மதிப்பெண் போட்டு விலையை ஏற்றுவார்? இந்தத் தொழிலைத் தொடங்கிவைத்தது கூகுள் அல்ல. 1998-ல் பில் கிராஸின் கோடூ என்ற தேடுபொறி, முடிவுகளில் முன்னிடத்தை நேரடியாக ஏலம் விட்டது. யார் க்ளிக்குக்கு எவ்வளவு கொடுக்கிறார் என்பதை ஒவ்வொரு முடிவின் பக்கத்திலும் அச்சிட்டே காட்டியது. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்திருக்கும், ஆனால் அதில் ஒளிவுமறைவில்லை. பின்னாளில் ஓவர்ச்சர் என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்த நிறுவனம், காப்புரிமையை மீறியதாகக் கூகுள் மேல் வழக்குப் போட்டது. 2004-ல், பங்குச்சந்தைக்கு வரும் தறுவாயில், ஓவர்ச்சரை வாங்கியிருந்த யாஹூவுக்கு 27 லட்சம் பங்குகளைக் கொடுத்துக் கூகுள் அதைத் தீர்த்துக்கொண்டது.

கூகுள் செய்த திருத்தம், கேட்ட தொகையோடு விளம்பரத்தின் ‘தரத்தையும்’ பெருக்கி வரிசைப்படுத்தியது. காசை மட்டும் வைத்துச் சம்பந்தமில்லாத விளம்பரம் மேலே ஏறக்கூடாது என்ற நோக்கம் நல்லதுதான். வென்றவர் தான் கேட்ட தொகையைக் கட்ட வேண்டியதில்லை, அடுத்தவரைத் தாண்டும் அளவுக்குக் கட்டினால் போதும். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பாருங்கள். நீங்கள் க்ளிக்குக்கு 50 ரூபாய் கேட்கிறீர்கள், தர மதிப்பெண் 4, பெருக்கினால் 200. அடுத்தவர் 40 ரூபாய், மதிப்பெண் 4, பெருக்கினால் 160. நீங்கள் ஜெயித்தீர்கள். 160-ஐ உங்கள் மதிப்பெண்ணால் வகுத்தால் 40 ரூபாய்; அதுதான் உங்கள் விலை. இப்போது அடுத்தவரின் மதிப்பெண்ணை மட்டும் 4-லிருந்து 4.8 ஆக்குங்கள். அவர் கணக்கு 192. இப்போதும் தோற்கிறார். உங்கள் விலை 48 ரூபாய் ஆகிவிட்டது. நீங்கள் கூட்டிக் கேட்கவில்லை, அவரும் கூட்டிக் கேட்கவில்லை. விளம்பரம் ஓர் எழுத்துகூட மாறவில்லை. க்ளிக்குக்கு 8 ரூபாய் ஏறிவிட்டது. மதிப்பெண் போட்டவருக்குத்தான் அந்த 8 ரூபாய்.

கற்பனை என்று சொன்னது எண்களை மட்டும்தான். தோற்பவரின் மதிப்பெண்ணைத் தூக்கி வெல்பவரின் விலையை ஏற்றும் இந்த உத்திக்குக் கூகுளுக்குள் ‘ஸ்குவாஷிங்’ என்று பெயரே இருந்தது என்பதை அமெரிக்க அரசு தொடுத்த வழக்கு வெளியே கொண்டுவந்தது. விலையை 5 சதவீதம் அளவுக்கு, சில தேடல்களுக்கு 10 சதவீதம்வரைகூட ஏற்றியிருக்கலாம், விளம்பரதாரருக்கு அதைச் சொல்வதில்லை என்று கூகுள் அதிகாரி ஜெர்ரி டிஷ்லர் 2023-ல் சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்டார்.

எதிர்த்தரப்பிடம் இங்கே ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது. மேட்ரிமோனி டாட் காம் (முன்பு பார்த்த கான்சிம்தான்) புகாரில் இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஆனால் அது தேடல் முடிவுகளில் காட்டிய பாரபட்சம் போன்றவற்றுக்கு. ஏட்வேர்ட்ஸ் என்ற கூகுளின் விளம்பர ஏலத்தில் மீறல் எதுவும் இல்லை என்றது ஆணையம். உண்மை. அமெரிக்க வழக்கில் உள்ளறை ஆவணங்களும் சாட்சியங்களும் வெளியே வந்தது அதற்கு ஐந்து ஆண்டு கழித்து. கையில் இல்லாத சாட்சியத்தைப் பார்க்காமல் எழுதிய முடிவை, அந்தச் சாட்சியத்துக்கே பதிலாகக் காட்ட முடியாது.

4. சிறு வியாபாரிக்கு வரம் என்பது பாதி உண்மை. மீதிப் பாதியில், தான் எதை வாங்குகிறோம் என்பதே அவருக்குத் தெரிவதில்லை. ‘எக்ஸாக்ட் மேட்ச்’ என்று ஒரு வசதி உண்டு. நான் சொன்ன சொல்லுக்கு மட்டும் என் விளம்பரத்தைக் காட்டு என்பது அதன் பொருள். 2014-லிருந்து அதிலும் ஏறத்தாழ ஒத்த சொற்களைக் கூகுள் தானே சேர்த்துக்கொள்கிறது, வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. பனியன் மொத்த வியாபாரிக்குச் சில்லறைக்குத் தேடியவரின் க்ளிக் வந்து விழலாம். காசு போனது போனதுதான். 2020 செப்டம்பரில், போதிய பேர் தேடாத சொற்களை அறிக்கையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். எந்தச் சொல்லுக்குக் கட்டினோம் என்பதும் அதனால் ஒரு பகுதிக்குத் தெரியாது. பெரிய நிறுவனம் இதைப் பின்தொடர ஆள் வைத்துக்கொள்ளும். பத்து மெஷின்காரர் ஏஜென்சிக்கு இன்னொரு கட்டணம் கட்டுவார்.

5. ஒரு க்ளிக்கில் மாறிக்கொள்ளலாம் என்றால், யாரும் மாறாமல் இருக்கக் கூகுள் ஏன் காசைக் கொட்டுகிறது? போனிலும் பிரவுசரிலும் தன்னையே டீஃபால்ட் தேடுபொறியாக வைத்திருக்க அது 2021-ல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது. ஏறத்தாழ இரண்டு லட்சம் கோடி ரூபாய். ஆப்பிளுக்கு மட்டும் 2022-ல் 2,000 கோடி டாலர். தரத்தால்தான் ஜெயிக்கிறோம் என்பவர் வாசலில் ஆள் நிறுத்த இவ்வளவு செலவு செய்ய மாட்டார். அமெரிக்காவில் 2020-ல் பொதுத் தேடலில் கூகுளின் பங்கு 89.2 சதவீதம், போனில் 94.9 சதவீதம்.

அதே அமெரிக்க அரசு வழக்கில் நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்ட் 5 அன்று தந்த தீர்ப்பில் இந்த எண்கள் இருக்கின்றன. பொதுத் தேடலிலும், தேடல் பக்கத்து எழுத்து விளம்பரங்களிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைத் தக்கவைத்தது என்பது முடிவு. அமேசான் போன்றவற்றின் தேடல் விளம்பரங்களையும் சேர்த்த அகன்ற சந்தையில் ஏகபோகம் நிரூபணமாகவில்லை என்றும் அவர் எழுதினார். அதை மறைத்துவிட்டு வெற்றி கொண்டாடுவது சரியல்ல. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. தேடலின் தரத்தைக் கணிசமாகக் குறைத்தால் வருமானம் என்ன ஆகும் என்று 2020-ல் கூகுளே ஓர் ஆய்வு செய்து பார்த்தது. வருமானம் போகாது என்று விடை வந்தது. பண்டம் கெட்டாலும் கல்லாப்பெட்டி குறையாது என்று கடைக்காரரே கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டபின், வாடிக்கையாளரின் சுதந்திரம் எங்கே வேலை செய்கிறது?

6. விளம்பரம் இல்லாவிட்டால் இலவசச் செய்தித்தளமே இருக்காது என்பார்கள். சரிதான். அந்த விளம்பரப் பணம் பத்திரிகைக்கு முழுதாகப் போய்ச் சேர்கிறதா? கூகுள் 310 கோடி டாலருக்கு வாங்குவதாக 2007-ல் அறிவித்த டபுள்கிளிக், இடத்தை விற்கும் பத்திரிகையின் மென்பொருளாக இருக்கிறது. வாங்குவதும் விற்பதும் சந்திக்கும் ஏலமேடையும் கூகுளுடையது. அங்கே 20 சதவீதம் கமிஷன். வாங்குகிற விளம்பரதாரரின் கருவியும் கூகுளுடையது. ஒரு பெரிய வங்கியே நியூயார்க் பங்குச்சந்தையையும் வைத்திருந்தால் எப்படியிருக்கும் என்று கூகுள் அதிகாரி ஒருவரே உள் மின்னஞ்சலில் ஒப்பிட்டுக் கேட்டிருந்தார். 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இன்னொரு வழக்கில் நீதிபதி லியோனி பிரிங்கெமா, முதல் இரண்டிலும் கூகுளின் ஏகபோகம் சட்டவிரோதம், ஒன்றை வாங்கினால்தான் மற்றது என்று கட்டிப்போட்டதும் சட்டவிரோதம் என்றார். விளம்பரதாரர் தரப்புச் சந்தை குறித்த குற்றச்சாட்டை மட்டும் ஏற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் இதே தொழிலுக்காக 295 கோடி யூரோ அபராதம் விதித்தது.

7. ஏஐ வந்துவிட்டது, எல்லாம் தானே மாறிவிடும் என்பது கடைசிச் சமாதானம். ஏஐ தரும் விடைச் சுருக்கத்துக்குள்ளேயே விளம்பரம் வைக்கும் வேலையைக் கூகுள் 2024 அக்டோபரில் அமெரிக்காவில் தொடங்கிவிட்டது. நீல நிறச் சுட்டிகள் போனால் போகட்டும், வாடகை வசூல் நிற்கவில்லை.

நீதிமன்றமும் இதைச் சரிசெய்துவிடவில்லை. மேத்தா 2025 செப்டம்பரில் அறிவித்த நிவாரணத்தில் குரோம் பிரவுசரை விற்கச் சொல்லவில்லை, டீஃபால்ட்டுக்குப் பணம் கொடுப்பதைத் தடுக்கவில்லை. பிரத்யேக ஒப்பந்தங்கள் கூடாது, தகுதியான போட்டியாளருக்குக் குறிப்பிட்ட தேடல் தரவுகளைத் தர வேண்டும் என்றார். விளம்பரதாரர் விஷயத்தில், பழைய ‘எக்ஸாக்ட் மேட்ச்’சைத் திரும்பக் கொடுக்க வேண்டியதில்லை, தேடல்வாரியான நுணுக்க விவரமும் தர வேண்டியதில்லை, ஏலத்தில் முக்கிய மாற்றம் செய்தால் வெளியே சொல்ல வேண்டும், அவ்வளவே.

இந்தியாவில் 2024 மார்ச்சில் வெளியான டிஜிட்டல் போட்டி மசோதா வரைவு, தேடுபொறிகளையும் விளம்பரச் சேவைகளையும் அடிப்படை டிஜிட்டல் சேவைகளின் பட்டியலில் சேர்த்திருந்தது. பட்டியலில் பெயர் சேர்த்தால் போதாது. ஒவ்வொரு பில்லிலும், அடுத்த இடத்தில் நின்றவருக்கும் நமக்கும் போட்ட மதிப்பெண் என்ன, அந்த மாதத்தில் அது எத்தனை முறை மாறியது என்ற விவரம் வர வேண்டும். எந்தச் சொல்லுக்குக் காசு போனது என்ற பட்டியல் விடுபடாமல் வர வேண்டும். நிறுவனத்தின் பெயரை அப்படியே அடித்துத் தேடினால் முதல் இடம் கட்டணமின்றி அந்த நிறுவனத்துக்கே போக வேண்டும். போட்டியாளர் விளம்பரம் அதற்குக் கீழே தாராளமாக வரட்டும். முதல் இரண்டும் கூகுளிடம் ஏற்கெனவே இருக்கிற விவரங்கள். புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுமில்லை.